சம்பந்தி வீட்டுச் சுவர்

நான் இன்னும் பிறக்கவில்லை. அதனால் வீடு கிடைப்பது கஷ்டமாக இருந்தது.

பிறந்தவர்களுக்கே கிடைப்பதில்லை என்கிறார்கள். கேள்விப்பட்டதுதான்.

அப்போது நான் ஓர் உருண்டை. ரவையில் பாதி கூட இருக்க மாட்டேன். உடம்பில் நூறு செல்லுக்குக் கொஞ்சம் மேலே இருந்திருக்கும். எண்ணிப் பார்க்க விரல் இல்லை.

என் இடது பாதி அம்மாவுடையது. அம்மா பெயர் கோமதி. ஊர் சங்கரன்கோவில். வலது பாதி அப்பாவுடையது. அவர் பெயர் சென்னியப்பன். ஊர் பெருந்துறை. கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் திருப்பூரில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தார்கள். நான் கோமதிக்குள் குடியிருக்க வந்திருந்தேன்.

இரண்டு பாதிகளும் தனித்தனியாகப் பேசின. இடது பாதி யாரைப் பார்த்தாலும் "ஏல" என்றது. வலது பாதி யாரைப் பார்த்தாலும் "ங்க" போட்டது. திட்டும்போதும் போட்டது. நான் நடுவில் இருந்தேன். நடு என்றால் எது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஒரு நீண்ட தாழ்வாரம் வழியாக வந்துகொண்டிருந்தேன். நான் நடக்கவில்லை. தரைதான் நடந்தது. தரை முழுக்க மென்மையான முடி முளைத்திருந்தது. தேர்த் திருவிழாக் கூட்டம் முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல, அந்த முடிகள் என்னைத் தள்ளிக்கொண்டே இருந்தன.

ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். பின்னால் தாழ்வாரம் இல்லை. நான் கடந்த இடமெல்லாம் மூடிக்கொண்டு ஒரே சுவராக இருந்தது. முன்னால் அது நீண்டுகொண்டே போனது.

கூடவே ஒரு தரகர் வந்தார். சங்கரபாண்டியன். கோமதியிடம் குடிவர நினைப்பவர்களை வாசல்வரை கொண்டுபோய் விடுவது அவர் வேலை. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கால் தெரியவில்லை. கால் இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

"எடம் நல்ல எடம் தம்பி," என்றார். "தண்ணி வசதி உண்டு. வெயில் அடிக்காது. மேல் வீட்டுத் தொந்தரவு மட்டும் கொஞ்சம் இருக்கும். பாட்டு கேப்பாவ, சிரிப்பாவ, சில நாள் அழுவாவ."

"சன்னல் உண்டா?"

"சன்னல் எதுக்கு? பாக்க என்ன கெடக்கு அங்க?"

அது நியாயமாகத்தான் பட்டது.

அவர் முன்னால் கையைக் காட்டினார். தாழ்வாரத்தின் கடைசியில், எட்டாத உயரத்தில், ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அன்னா, அந்த வெளக்கு தெரியுதா? அது எரியுத வரைக்குந்தான் சொவரு இளகி நிக்கும். நீரு அதுக்குள்ள போயி ஒட்டிக்கிடணும். ஒட்டிக்கிட்டு, 'இருக்கேன்'னு சத்தம் குடுக்கணும். சத்தம் கேட்டா வெளக்கு எரியும்."

"கேட்கலைன்னா?"

"ஆளு இல்லன்னு அர்த்தம். வெளக்க அணைச்சு, மொத்தச் சொவத்தையும் சொரண்டி, கழுவி ஊத்திருவாவ. நீரும் அதோட போவேண்டியதுதான்."

கல்லூரி வருகைப்பதிவு மாதிரிதான். ஒரே வித்தியாசம், அங்கே பக்கத்துப் பெஞ்சுக்காரன் நமக்காகக் குரல் கொடுப்பான். இங்கே பக்கத்தில் யாரும் இல்லை.

"எனக்கு முன்னால யாரையாவது கூட்டிட்டு வந்திருக்கீங்களா?"

"மூணு பேரு," என்றார் பெருமையாக. "ஒரு பொகார் வந்ததில்ல."

"அவங்கல்லாம் இப்ப எங்க இருக்காங்க?"

"அதான் சொன்னம்லா? ஒரு பொகார் வந்ததில்ல."

அப்போது மேலே பேச்சுக் குரல் கேட்டது. தாழ்வாரத்தின் கூரை அதிர்ந்தது. கோமதிதான்.

"இந்த வாட்டி நாளு தள்ளிப் போனாலும் யார்ட்டயும் சொல்லாண்டாங்க. ஒங்க அக்காட்டயும் சொல்லாதீங்க."

"செரி கண்ணு. நா எதுக்குச் சொல்றேன்?"

"போன வாட்டி சொல்லிட்டீங்க. அவங்க தூக்குப்போசி நெறையா பாயாசம் வச்சு எடுத்துட்டு வந்துட்டாங்க. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டு. அந்தப் பாயாசத்த என்ன செய்யன்னே தெரியாம அப்பிடியே ஃபிரிட்ஜில வச்சிருந்தேன்."

 சென்னியப்பன் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. 

 தரகர் தொண்டையைச் செருமினார்.

"ஒரே ஒரு விசயம் தம்பி. அந்த வலது பக்கம் இருக்குல்லா, அத மூடிக்கிடும்."

எங்கிருந்தோ ஒரு போர்வையை எடுத்து நீட்டினார். கட்டம் போட்ட போர்வை. பலர் உபயோகித்த வாசனை வந்தது.

"எதுக்கு?"

"இது நம்மாளுவ பொழங்குத எடம். காவக்காரனுவ நிப்பானுவ. வெளியாளுன்னு தெரிஞ்சா கடப்பாரையால கொத்திருவானுவ. கேட்டா, எல்லாம் நம்மாளுதான்னு சொல்லிரும். வீடு பாக்கப் போறவன் எவன் உள்ளதச் சொல்லுதான்?"

அதுவும் சரிதான். கருவாடு வறுப்பவன் சைவம் என்கிறான். ஆறு பேர் தங்கப்போகிறவன் நான் ஒருத்தன்தான் சார் என்கிறான். நான் பாதியைத்தானே மறைக்கிறேன்.

"என்னுங்க இது?" என்றது வலது பாதி. "என்னையப் போயிப் போத்தி வெக்கறீங்க?"

"கொஞ்ச நேரம் சும்மா கெடலே," என்றது இடது பாதி.

நான் போர்த்தினேன்.

வாசல் வந்தது. வாசலில் உடம்பை மூடிய ஓட்டைக் கழற்றி விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். செருப்பைக் கழற்றுவது போல. இதுவரை நான் ஒரு கண்ணாடி ஓட்டுக்குள் இருந்தேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிதுங்கிப் பிதுங்கி வெளியே வந்தேன். வெளியே வந்ததும் உப்பிவிட்டேன். திரும்ப நுழைந்து பார்த்தேன். கொள்ளவில்லை.

"இனி அதுக்குள்ள போவ முடியாது," என்றார் தரகர். "யாராலயும் முடிஞ்சதில்ல."

உள்ளே ஒரு கூடம். எல்லாப் பக்கமும் சுவர். தரையும் சுவர்தான். கூரையும் சுவர்தான். களி கிண்டி இறக்கியது போல் பதமாக இருந்தது. சூடு மட்டும் இல்லை. தொட்ட இடமெல்லாம் வழுக்கியது.

கூடம் முழுக்கக் காவல்காரர்கள். எல்லோரும் தடித்தவர்கள். ஆளுக்கு ஒரு கடப்பாரை. அவர்களுக்குத் தலைவர் சொள்ளமுத்து. அவருக்குக் கண் இல்லை. மூக்கு மட்டும் இருந்தது. அதுவும் பெரியது.

"யாருலே நீ?"

"குடியிருக்க வந்திருக்கேன்."

"எந்த ஊரு?"

இடது பாதி முந்திக்கொண்டது. "சங்கரங்கோயிலு."

"யாரு மவன்?"

"கோமதி மவன்."

"இங்க எல்லாரும் கோமதி ஆளுவதான். நீ என்ன பெரிய இவனா?" சொள்ளமுத்து குனிந்து என் இடது பக்கத்தை முகர்ந்தார். நீண்ட நேரம் முகர்ந்தார். "வாசம் நம்ம வாசந்தான். அந்தப் பக்கம் என்னது, போர்வ வாசம்?"

"குளிருது," என்றேன்.

"உள்ள இருக்கதும் நம்மாளுதானா?"

"எல்லாம் நம்மாளுதான்."

தரகர் எனக்குக் கண்ணைக் காட்டினார். வேலை முடிந்தது என்று அர்த்தம். வந்த வழியே போனார். வந்த வழி அவரை ஏற்றுக்கொண்டு மூடிக்கொண்டது.

சொள்ளமுத்து கடப்பாரையைத் தோளில் சாய்த்தார்.

"நம்மாளுக்கு எதுக்குலே வீடு?"

எனக்குப் புரியவில்லை.

"நம்மாளுன்னா நீ ஏற்கெனவே இங்கன உள்ளவன்தான? உள்ளவன் வந்து எடம் கேப்பானா? சொவத்துலேர்ந்து உதுந்த சதையா இருப்ப. போயி அந்த வரிசையில நில்லு."

"அது என்ன வரிசை?"

"கழுவுத வரிசை."

கூடத்தின் ஓரத்தில் ஒரு வரிசை நின்றது. ரேஷன் கடை வரிசை மாதிரி இல்லை. யாரும் யாரையும் இடிக்கவில்லை. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எல்லோரும் சுவரிலிருந்து உதிர்ந்தவர்கள். செதில் செதிலாக, பொறுமையாக நின்றார்கள்.

எனக்கு முன்னால் நின்ற செதில் திரும்பியது.

"புதுசா?"

"தப்பா நிக்க வச்சுட்டாங்க. எனக்கு இங்க வேலை இல்லை."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாவ. இங்கன நல்லா இருக்கும் மக்கா. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ. வெளக்கு அணையும், தண்ணி வரும், போயிரலாம்."

"நான் போக வரலை. இருக்க வந்தேன்."

"ஒனக்கு முன்னால ஒருத்தன் இதே எடத்துல நின்னான்," என்றது செதில். "நல்ல மரியாதப்பட்ட பய. கடசி வர ஒரு வார்த்த பேசல. அவனும் ஒன்ன மாரி கட்டம் போட்ட போர்வதான் போத்தியிருந்தான். பிள்ளைக்குக் குளிருது போலன்னு நெனச்சிக்கிட்டேன்."

நான் போர்வையைப் பார்த்தேன். பலர் உபயோகித்த வாசனை என்று நினைத்தேனே, பலர் இல்லை. மூன்று பேர்.

வரிசையை விட்டு விலகினேன். வரிசை வளைந்து வந்து என்னைச் சேர்த்துக்கொண்டது. இன்னும் கொஞ்சம் விலகினேன். இன்னும் கொஞ்சம் வளைந்தது. கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி ஓடினேன். ஓடி முடித்தபோது அதே செதிலுக்குப் பின்னால் நின்றேன். எனக்குப் பின்னால் புதிதாக நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள்.

"காவல்காரரே," என்று கூப்பிட்டேன். "ஒரு சின்ன விஷயம்."

"நம்மாளு கூப்புட்டா என்னலே, அப்புறம் கேட்டுக்கிடலாம்," என்றார் சொள்ளமுத்து. திரும்பக்கூட இல்லை.

மஞ்சள் விளக்கு ஒருமுறை மினுங்கியது. கூடம் கொஞ்சம் இருட்டியது. சுவரிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து விழுந்து, வரிசையின் கடைசியில் போய் மரியாதையாக நின்றுகொண்டது.

மேலே குரல் கேட்டது.

"அடிவயிறு லேசா வலிக்குங்க."

"வெந்நி வெக்கட்டுமா?"

"வேண்டாம்."

"ஆசுபத்திரிக்குப் போலாமா கண்ணு?"

"அங்க போயி என்னன்னு சொல்ல? வந்துரும் போலன்னா? வரட்டும். எனக்குப் பழகிட்டு." ஒரு நிமிடம் கழித்து, "நீங்க வேலைக்குக் கெளம்புங்க. மூஞ்சிய அப்பிடி வச்சிக்கிட்டு முன்னால நிக்காதீங்க," என்றாள்.

வரிசை ஓர் அடி நகர்ந்தது.

என் இடது பாதி வரிசையோடு நகர்ந்தது. ஒன்றும் பேசவில்லை. பிறந்த வீட்டில் குரல் உயர்த்தக் கூடாது என்று அதற்கு யாரோ சொல்லியிருந்தார்கள். நானும் பேசவில்லை. நான் மரியாதைப்பட்ட பயலாக இருந்தேன்.

அப்போதுதான் போர்வை பறந்தது.

"ஏனுங்க!"

வலது பாதி.

"ஏனுங்க, நானு வந்து எத்தன நேரமாச்சுங்க! வந்தவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க மாட்டீங்களாங்க?"

கூடம் அப்படியே நின்றது. காவல்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். அத்தனை மூக்குகளும் என்னை நோக்கி நீண்டன.

"யாருலே அது 'ங்க'?" என்றார் சொள்ளமுத்து.

"நானுதானுங்க."

அவர் வந்தார். என் வலது பக்கத்தை முகர்ந்தார். ஒரே ஒரு முகர்தல்தான். பின்வாங்கினார்.

"ஏல! இவன் வெளியாளுலே! பாதி வெளியாளு!"

கடப்பாரைகள் உயர்ந்தன. வரிசை சட்டென்று நேராகி என்னை வெளியே விட்டது. வெளியாளுக்கு அதில் இடம் இல்லை.

"வெளியாளுதானுங்க," என்றது வலது பாதி. "பெருந்துறைக்காரனுங்க. எங்கூர்ல நாயி வந்து வாசல்ல நின்னாக்கூட ஒரு கிண்ணத்துல நீச்சத்தண்ணி ஊத்தி வெப்போமுங்க. நீங்கெல்லாம் என்ன மனுசங்களுங்க?"

"என்ன சொன்ன?"

"காது கேக்காதுங்களா? மூக்கத்தான் வளத்து வெச்சிருக்கறீங்களாட்ட இருக்குதுங்க. இன்னொருக்கா இப்பிடி மூந்து பாத்தீங்கன்னா அந்த மூக்க ஒடச்சுப் போடுவனுங்க."

சொள்ளமுத்து பக்கத்துக் காவல்காரரிடம் குனிந்தார். "இவன் வையுதானா, மரியாத குடுக்கானா?"

"ரெண்டும் மாரித்தான் இருக்கு அண்ணாச்சி."

"ரெண்டும் எப்பிடிலே ஒண்ணா இருக்கும்?"

"மாமா, அவன் பேச்சே அப்பிடித்தான்," என்றது இடது பாதி, கெஞ்சலாக.

"நீ பேசாத! நம்ம பயலா இருந்துக்கிட்டு இவன முதுகுல கெட்டி ஏத்திட்டு வந்திருக்க!"

கூடம் சூடாகியது. சுவர் சிவந்தது. உப்பியது. எங்கெங்கிருந்தோ இன்னும் காவல்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கூச்சல் அதிகமாக அதிகமாகச் சூடும் அதிகமாகியது. யாரோ என்னைத் தள்ளினார்கள். என் முதுகு சுவரில் மோதியது.

வழுக்கவில்லை. ஒட்டிக்கொண்டது.

இதுவரை நான் தொட்டபோதெல்லாம் வழுக்கிய சுவர் அது. சண்டை வந்ததும் வெல்லப்பாகு போல் பிசுபிசுத்தது. நான் நகர முயன்றேன். முடியவில்லை. எதிரே கடப்பாரைகள் வந்துகொண்டிருந்தன.

"நிறுத்துங்கலே!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள். பேச்சித்தாய். அங்கே சண்டை விலக்கிவிடுவது அவள் வேலை. கையில் கம்பு இல்லை, கடப்பாரை இல்லை. தோளில் ஒரு துண்டு. அதை எடுத்துச் சொள்ளமுத்துவின் மூக்கைத் துடைத்துவிட்டாள். அவர் அடங்கினார்.

"பாதி யாரு?"

"நம்ம பிள்ள."

"மறு பாதி?"

"வெளியாளு."

"பாதி நம்ம பிள்ள, பாதி வெளியாளுன்னா அதுக்குப் பேரு என்னலே?"

சொள்ளமுத்து யோசித்தார். "கலப்படம்."

"சம்பந்தி வீடுலே, கூறுகெட்டவனே!"

கடப்பாரைகள் கொஞ்சம் இறங்கின. ஒரு காவல்காரர் அவசரமாக இடுப்பு வேட்டியைச் சரிசெய்தார்.

"சம்பந்தி வீட்டாளு வந்து நின்னு தண்ணி கேட்டிருக்கான்," என்றாள் பேச்சித்தாய். "நீங்க கடப்பாரையத் தூக்கிட்டு நிக்கிய. வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்."

சம்பந்திகளுக்குள் சண்டை நடக்கத்தான் வேண்டும். நடக்காத கல்யாணம் கல்யாணமே இல்லை. அப்பளம் வரவில்லை என்று இலையிலிருந்து எழுந்துவிடலாம். காபி ஆறிப்போனது என்று வேனைக் கிளப்பச் சொல்லலாம். மாப்பிள்ளையின் சித்தப்பாவை யாரும் வாங்க என்று கேட்கவில்லை என்று மண்டபத்துக்கு வெளியே போய் நின்றுகொள்ளலாம். ஆனால் அடிக்கக் கூடாது. சண்டை முடிந்ததும் இரண்டு மடங்கு சோறு போட வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். காவல்காரர்களுக்கும் தெரிந்திருந்தது. என்னிடம்தான் யாரும் சொல்லவில்லை. அந்த மூன்று பேரிடமும் சொல்லவில்லை.

"வையட்டும், வாங்கிக்கிடுதேன்," என்றார் சொள்ளமுத்து. "ஆனா இந்த மொகத்தப் பாத்தா எனக்குக் கை ஊறுது பேச்சித்தாயி."

"ஏ பிள்ள," என்றாள் அவள் என்னிடம். "சம்பந்தி மொகத்த இம்புட்டு எடுப்பா வச்சிக்கிட்டு நிக்காத. இவனுவளுக்கு ஆவாது. அதுக்குன்னு மொகமே இல்லாமயும் நிக்காத. களவாணின்னு கொத்திருவானுவ."

"அப்ப எந்த மொகத்தை வைக்கறது?"

"எந்த மொகமாவது வையி. யாருதுன்னு தெரியக் கூடாது. ஆனா தெரிஞ்ச மாரி இருக்கணும்."

நான் யோசித்தேன். ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒருவர் வருவார். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டார் என்று நினைப்பார்கள். அவர் எல்லோரையும் பார்த்துத் தலையசைத்துச் சிரிப்பார். முதல் பந்தியில் சாப்பிடுவார். ஒருவரும் அவரை எழுப்புவதில்லை. நான் அந்த முகத்தை வைத்தேன்.

சொள்ளமுத்து மூக்கால் தடவிப் பார்த்தார்.

"எங்கயோ பாத்த மாரி இருக்கு," என்றார். "கழுகுமலையா?"

நான் தலையசைத்துச் சிரித்தேன்.

"நல்லா இருக்கியளா?" என்றார்.

"இருக்கேன்."

ஆனால் அவருக்குக் கோபம் தீரவில்லை. எங்காவது இறக்கி வைக்க வேண்டிய அளவுக்கு அது இருந்தது. சுற்றும் முற்றும் திரும்பினார். அவர் மூக்கு வலது பாதியிடம் வந்து நின்றது.

"தண்ணியா கேட்ட? எங்க வீட்டுலயா தண்ணி இல்ல? எங்க வீட்டுலயா?"

கடப்பாரையை ஓங்கிச் சுவரில் இறக்கினார். எனக்குப் பக்கத்தில். சுவருக்குள் குழாய்கள் இருந்தன. தேன்குழல் முறுக்கு மாதிரி சுருண்ட, மெல்லிய குழாய்கள். அவற்றின் வாயை உடைத்தார். அகலப்படுத்தினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கூடம் முழுக்க இடிக்கிற சத்தம். இதுவரை ஒழுகிக்கொண்டிருந்த குழாய்கள் வாய்க்கால்களாயின. எல்லா வாய்க்கால்களும் என்னை நோக்கித் திரும்பின.

"குடிலே! மூச்சு முட்டக் குடி! சங்கரங்கோயில்காரன் தண்ணி குடுக்கலன்னு எவனாவது சொல்லிருவானா?"

வெதுவெதுப்பாக வந்து நிறைந்தது. உப்புக் கரித்தது.

"போதுமுங்க," என்றது வலது பாதி.

"போதும்னு சொல்ல நீ யாருலே? நாங்கதான் சொல்லணும்."

"போதும் மாமா," என்றது இடது பாதி.

"நீ பேசாத!"

இதற்குள் சுவர் என்னை விழுங்கத் தொடங்கியிருந்தது. முதலில் முதுகு. பிறகு இரண்டு பக்கங்களும். நான் முன்னால் சாய்ந்தேன். சுவர் முன்னாலும் வந்தது. கூடம் ஒரு வட்டமாகச் சுருங்கியது. பிறகு ஒரு காசளவு. பிறகு ஊசித் துளை. அந்தத் துளையில் பேச்சித்தாயின் வாய் மட்டும் தெரிந்தது.

"கதவு எங்க?" என்று கேட்டேன்.

"கதவா? கதவு வச்சா போயிர மாட்டியா?"

"வெளிய வரணும்னா என்ன செய்யறது?"

"வர முடியாது."

"எப்பவுமே முடியாதா?"

"எடம் பத்தாமப் போவும்லா? அப்ப நாங்களே தள்ளிருவோம். நீ 'இங்கயே இருக்கேன்'னு அழுவ. கேக்க மாட்டோம்."

துளை மூடியது. இருட்டு. எல்லாப் பக்கமும் சுவர். நான் சுவருக்குள் இருந்தேன். இதற்காகத்தான் வந்தேன். கையை நீட்ட முடியவில்லை. கை இல்லை என்பது ஒரு காரணம்.

சுவரின் மறுபக்கத்திலிருந்து அவள் குரல் மந்தமாகக் கேட்டது. "சத்தம் குடு பிள்ள! வெளக்கு அணையப் போவுது!"

"இருக்கேன்," என்றேன்.

"கேக்கல."

"இருக்கேங்க. தயவுசெய்து."

"சண்ட போட்ட வாயி எங்கலே போச்சு? கொல்லையில பூன கத்துன மாரி இருக்கு!"

விளக்கு அணைந்துகொண்டிருந்தது. சுவருக்குள் இருந்தாலும் எனக்குத் தெரிந்தது. சுவர் தளர்ந்தது. என்னைச் சுற்றி லேசான விரிசல் சத்தம் கேட்டது. வரிசையில் நின்றவர்கள் ஓர் அடி முன்னால் எடுத்து வைப்பது, அத்தனை கால்களும் சேர்ந்து, கேட்டது.

"இருக்கேம்லே!" என்று கத்தியது இடது பாதி. பிறந்த வீடு என்றுகூடப் பார்க்கவில்லை.

"இருக்கறனுங்க!" என்று கத்தியது வலது பாதி. "எங்கயும் போவலீங்க! இங்கயேதானுங்க இருக்கறேன்! என்னாங்க பண்ணுவீங்க?"

"இருக்கேம்லே!"

"இருக்கறனுங்க!"

விரிசல் சத்தம் நின்றது. சுவர் இறுகியது. வெகுதூரத்தில் யாரோ, "ஆளு இருக்குப்பா, எரியட்டும்," என்று அலுப்பாகச் சொன்னார்கள்.

"வரிசை கலையலாம்," என்று சொள்ளமுத்து அறிவித்தார். "இந்தத் தடவ கழுவு கெடையாது."

"அப்ப நாங்க எங்க போவ?" என்று கேட்டது அந்தச் செதில். 

நான் கத்துவதை நிறுத்தினேன். உடனே சுவரை யாரோ தட்டினார்கள்.

"ஏன் நிறுத்திட்ட?"

"எரியுதுல்ல?"

"சத்தம் கேட்டாத்தான் எரியும். கத்திக்கிட்டே இரு."

"எவ்வளவு நேரம்?"

"வெளக்கு வேண்டாம்னு ஆவுத வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் நீதாம்லே வெளக்கு. ஒன் வெளிச்சத்துலயே சொவரு நிக்கும்."

இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.  மறுபக்கம் காவல்காரர்கள் வரிசையாகச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்காரும் சத்தம் கேட்டது. அவர்களும் போக முடியாதாம். சம்பந்தியைத் தனியாக விட்டுவிட்டுப் போவது வழக்கம் இல்லையாம்.

இடது பாதியும் வலது பாதியும் முறை வைத்துக் கத்தின. ஒன்று களைத்தால் மற்றொன்று. நடுவில் இருந்ததால் எனக்குத் தூக்கம் இல்லை. இரவா பகலா என்றும் தெரியவில்லை. இருக்கேம்லே. இருக்கறனுங்க. எத்தனை முறை என்று எண்ணவில்லை. விரல் இன்னும் வரவில்லை.

மேலே ஒரு நாள் கோமதி சொன்னாள். "என்னத்தப் போட்டுத் தாளிக்கீங்க? இப்பிடி நாறுது?"

"வெறும் கடுகுதான் கண்ணு. கடுகும் கறிவேப்பிலையும்."

"கடுகா இப்பிடி நாறுது?"

அதற்குப் பிறகு ஓடும் சத்தம். கதவு சத்தம். என் வீடு மொத்தமும் குலுங்கியது. ஒருமுறை. இன்னொரு முறை. மறுபக்கத்தில் காவல்காரர்கள் எழுந்து நின்றார்கள்.

"ஒன் சத்தம் மேல வர கேட்டிருக்குலே," என்றார் சொள்ளமுத்து. அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. சம்பந்தி என்பதால் அதை மறைக்கப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கங்க," என்றேன்.

"நிறுத்தாத!"

மேலே குழாயில் தண்ணீர் ஓடியது. நின்றது. 

"கண்ணு?" என்றார் சென்னியப்பன்.

"பேசாதீங்க."

"இல்ல, வந்து..."

"ஒண்ணும் பேசாதீங்க. சும்மா பக்கத்துல உக்காருங்க."

அப்போது சுவரின் மேல் இன்னொரு சுவர் வந்து உட்கார்ந்தது. ஒரு சுவர் போதாது என்று நினைத்திருக்கலாம். அது வெதுவெதுப்பாக இருந்தது.  ஐந்து விரல்கள் இருந்தன. கொஞ்ச நேரத்தில் எடுத்துவிடும் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

"இது யாருங்க?" என்றது வலது பாதி.

"இவதாம்லே வீடு," என்றார் சொள்ளமுத்து. குரலைத் தாழ்த்திக்கொண்டார். கடப்பாரையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார் என்று சத்தத்திலிருந்து தெரிந்தது.

இனி இங்கிருந்து வெளியேற வழியே இல்லை என்பது எனக்கு நன்றாகப் புரிந்தது.

எனக்கு நுரையீரல் இன்னும் வரவில்லை. அதனால் மூச்சு விடாமல் கத்தினேன்.